வடகடல் புல்லுக்கும் கண்மாய் ஆம்பலுக்கும் எந்த லூர் தேறும்? வாங்கிப் போட்டுப் பாத்த ரிவ்யூ

நம்ம ராமநாதபுரம் பக்கம் லூர், அதாவது மீன ஏமாத்துற செயற்கை இரை போடுற பசங்க இப்ப நிறைய ஆயிட்டாங்க, தேவிபட்டினத்துல ஆரம்பிச்சு ஆத்தங்கரை, அரியமான், மண்டபம், தங்கச்சிமடம்னு வடகடல் (பாக் விரிகுடா) ஓரம் எங்க பாத்தாலும் ஞாயித்துக்கிழமை வெள்ளன நாலு பேரு ராடோட நிக்கிறாக, எல்லாரும் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், "அண்ணே எந்த லூர் வாங்குறது, எதப் போட்டாலும் புல்லுதான் வருது". அதுக்குத்தான் இந்த ரிவ்யூ. ஒரே ஒரு பொருள எடுத்து எழுதல, பாஸ் மீனுக்குன்னு வெளிநாட்டுல செய்யிற வீட்லெஸ், அதாவது புல்லுல மாட்டாத லூர் வகைகள்ல நம்ம தண்ணிக்கு எது தேறுது எது தேறலன்னு, சொந்தக் காசுல வாங்கி வடகடல் புல்லுலயும் உள்ளூர் கண்மாய்லயும் போட்டுப் பாத்தத எழுதுறேன், யாரும் எனக்கு ஓசில குடுக்கல.

முதல்லயே சொல்லிடுறேன், தெளிஞ்ச தண்ணியும் புல்லும் சேந்து கெடக்குற எடத்துல காச பெயிண்டுக்குக் குடுக்காதீக, தூண்டில் முள்ளுக்குக் குடுங்க. முள்ளு புல்லுல மாட்டாம வந்தாத்தான் மீனு அந்த லூரத் துரத்தவே செய்யும், வால்ல ஒரு இழை புல்லு தொங்குனாக்கூட போதும், தெளிஞ்ச தண்ணில ஊளி (பாரகுடா மீனு) பக்கத்துல வந்து பாத்துட்டு அப்படியே திரும்பிப் போறத நம்ம கண்ணாலயே பாக்கலாம். அந்த லூர் எவ்வளவு வெலயா இருந்தாலும் சரி.

பாஸ் சாமான எதுக்குக் கடல்ல போடுறன்னு கேப்பீக. லார்ஜ்மவுத் பாஸுங்கறது அமெரிக்கா ஏரி குளத்து மீனு, நம்ம தண்ணில கெடையாது, ஆனா அதோட குணம் நமக்குப் பழக்கமானதுதான், புல்லுக்குள்ள, புல்லு ஓரத்துல ஒளிஞ்சு கெடந்து பக்கத்துல வர்றத ஒரே பாய்ச்சல்ல அடிக்கும். 1932ல ஜார்ஜியால ஜார்ஜ் பெர்ரின்னு ஒருத்தர் 22 பவுண்டு 4 அவுன்ஸ்ல ஒரு பாஸ் பிடிச்சாரு, நம்ம கணக்குல பத்து கிலோ, அந்த ரெக்கார்டுக்கு சமமா இன்னொண்ணு 2009லதான் விழுந்துச்சு, அதுவும் ஜப்பான் பிவா ஏரில, மனபு குரிட்டாங்கறவரு பிடிச்சது. இந்த ஒரு மீனுக்காக ரெண்டு நாட்டுக் கம்பெனிகளும் புல்லுக்குள்ள முள்ள மாட்டாம எடுத்துட்டு வர்றது எப்படின்னு தலைமுறை தலைமுறையா மண்டையப் போட்டு உடைச்சிருக்காக. 1949ல ஆக்ரன்ங்கற ஊர்ல நிக் கிரீம்ங்கறவரு பிளாஸ்டிக் புழு செஞ்சு விக்க ஆரம்பிச்சாரு, அதுக்கப்புறம் வந்ததுதான் முள்ளு முனைய புழு உடம்புக்குள்ளயே ஒளிச்சு வைக்கிற டெக்சாஸ் ரிக். அந்த வேலை எல்லாம் நமக்கு ரெடிமேடா கெடைக்குது, எடுத்து நம்ம மீனுக்குப் போட வேண்டியதுதான்.

நம்ம தண்ணியப் பத்தி ரெண்டு வார்த்தை. வடகடல் ஆழமே கம்மி, கரையில இருந்து ரொம்ப தூரம் நடந்தாலும் இடுப்பளவுதான், கீழ பூராம் கடல்புல்லு. ஒரு எடத்துல அகலமா நீளமா வளர்ற இலை, ஒரு எடத்துல உருண்டையா ஊசி இலை, நடுநடுவுல வெள்ளை மணல் திட்டு. வாடைக் காத்து அடிக்கிற ஐப்பசி கார்த்திகைல இந்தப் பக்கம் கலங்கிப் போயிரும், அப்ப இந்த ரிவ்யூல சொல்றது பாதி செல்லாது. மாசி முடிஞ்சு பங்குனி சித்திரைல காத்து அடங்குச்சுன்னா தரை வரைக்கும் தெரியும், மீனுக்கும் நாம தெரிவோம். கச்சான் (தென்மேற்குக் காத்து) காலத்துல தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கிறப்போ வடகடல் ஓரளவு அமைதியா இருக்கும், ஆனா கரைக்காத்து பலமா இருக்கும், லேசான லூர் எங்க போகுதுன்னே தெரியாது.

இப்ப சாமானுக்கு வருவோம், நான் அதிகம் எழுதப் போறது முதல் வகையப் பத்தித்தான், ஏன்னா வடகடல்ல முக்காவாசி நேரம் என் கைல இருக்குறது அதுதான்.

சாஃப்ட் ஜெர்க்பெய்ட். நாலுல இருந்து அஞ்சு இஞ்சு நீளம், மெலிசான உடம்பு, பின்னால ரெண்டா பிரிஞ்ச வாலு. ஜூம் கம்பெனியோட சூப்பர் ஃப்ளூக் இதுல ரொம்பப் பேரு போனது, பாஸ் ஆளுக காலங்காலமா போடுறது. ஈயமே இல்லாம ஆஃப்செட் ஹூக்ங்கற வளைவு முள்ளுல (கீழ சொல்றேன்) மாட்டி வீசி, ராடு நுனிய கீழ வச்சு டக் டக்னு ரெண்டு இழுப்பு, நிறுத்து, மறுபடி ரெண்டு இழுப்பு. நிறுத்துறப்போ அது மெதுவா பக்கவாட்டுல சரிஞ்சு எறங்கும், அடிபட்ட மடவைக் குஞ்சு எப்படி எறங்குமோ அதே எறக்கம், அந்த நேரத்துலதான் அடி விழும். புல்லு நுனிக்கு ஒரு சாண் மேலயே இத ஓட்ட முடியும், அதுதான் இதோட பெரிய பலம். பாரைக் குட்டி, ஊளி, புல்லு ஓரத்துக் களவா எல்லாமே அடிச்சிருக்கு. ஆத்தங்கரை பக்கம் வைகை கடல்ல சேருற எடத்துல தண்ணி தெளிஞ்சு கெடக்குறப்ப கொடுவாய்க்கும் இதையேதான் போடுறேன்.

கொறைன்னு பாத்தா ஒண்ணுதான், பேத்தை, ஊதிப் பெருக்குற மீனு. நம்ம புல்லுத்தரைல பேத்தை மீனு இல்லாத எடமே இல்ல, சாதாரண பிளாஸ்டிக்னா வால சுத்தமா கத்தரிச்சு எடுத்துரும், ஒரு பாக்கெட் ஒரு காலைலயே காலி ஆகிரும். அதுக்கு நல்ல மாற்று ஜீ-மேன் கம்பெனியோட எலாஸ்டெக் பிளாஸ்டிக், இழுத்தா நல்லா நீளும், அவ்வளவு சீக்கிரம் கடிச்சு எடுக்க முடியாது, ஒரே துண்டு பல மீனு தாங்குது. இன்னொரு விசேசம், அந்தப் பிளாஸ்டிக் தண்ணில மெதக்குற சாதி, அதனால தரைல விட்டாக்கூட வாலு மேல தூக்கி நிக்கும், புல்லுக்குள்ள படுத்து மறைஞ்சு போகாது. வெல கொஞ்சம் கூடத்தான், ஆனா வாலு போய்ப் போய் பாக்கெட் பாக்கெட்டா வாங்குறத கணக்குப் பாத்தா இதுதான் மலிவு. ஆனா மெதக்குறதால தனியா ஈயமில்லாம போட்டா எறங்காது, பெல்லி வெயிட் முள்ளோட போடணும், அத கீழ சொல்றேன்.

கலர்ல ரொம்ப யோசிக்காதீக. தெளிஞ்ச தண்ணிக்கு முதுகு பச்சை, வயிறு வெள்ளை, இல்லாட்டி கண்ணாடி கணக்கா உள்ள லேசா மினுக்குத் தூள் போட்டது, இந்த ரெண்டு போதும். பளிச்னு மஞ்சப் பச்சை, ரோஸ் கலரெல்லாம் கலங்கல்ல சரி, பங்குனித் தண்ணில மீனு விலகிப் போகுது.

முள்ளுதான் இந்த ரிவ்யூவோட உசுரு. ஆஃப்செட் ஹூக்னா காதுக்கு (நரம்பு கட்டுற வளையம்) கீழ ஒரு வளைவு இருக்கும், அந்த வளைவுலதான் லூரோட தலை உக்காரும். மாட்டுறது எப்படின்னா, முனைய மூக்குல கொஞ்சூண்டு குத்தி கீழ்ப்பக்கமா வெளிய எடுத்து, காது மூக்குக்குள்ள போற வரைக்கும் இழுத்து, முள்ளத் திருப்பி, உடம்புல நேரா வர்ற எடத்தப் பாத்து குத்தி முதுகு வழியா வெளிய எடுக்கணும், கடைசியா முனைய முதுகுத் தோல்ல மட்டும் லேசா சொருகி வைக்கணும். உடம்பு வளையாம நேரா இருக்கணும், அது முக்கியம், கொஞ்சம் வளைஞ்சாலும் சுத்திக்கிட்டே வரும், நரம்பு (தூண்டில் நூலு) முறுக்கிரும். முள்ளு அளவு அஞ்சு இஞ்சு லூருக்கு 4/0 இல்லாட்டி 5/0, நாலு இஞ்சுக்கு 3/0. வயிறு தடிச்ச லூர்னா முள்ளோட இடைவெளி அகலமா இருக்கணும், இல்லாட்டி மீனு கடிக்கிறப்ப பிளாஸ்டிக் கீழ அமுங்கி முள்ளு முனை வெளிய வர எடமே இருக்காது, அடி விழும், மீனு ஏறாது.

கம்பெனின்னு பாத்தா ஓனர், கமகாட்சு ரெண்டும் ஜப்பான் முள்ளு, முனை கூர்மை அப்படி இருக்கும், லேசா ராடத் தூக்குனாலே ஏறிடுது. முஸ்டாட் நார்வே கம்பெனி, பேரு கேக்காத ஆளு நம்ம கரையில இருக்க முடியாது. இதுல ஒண்ணு கவனிங்க, பாஸ் முள்ளு பெரும்பாலும் ஏரித் தண்ணிக்குன்னு செய்யிறது, கறுப்புப் பூச்சு இருக்கும், அத உப்புத் தண்ணில போட்டு கழுவாம வச்சா மறுநாளே துரு எட்டிப் பாக்கும். தகரப் பூச்சு பூசின கடல் முள்ளு கெடைச்சா அத வாங்குங்க. ஒரு ஆன்லைன் விக்கிறவர்ட்ட பேரு போன முள்ளுன்னு நம்பி வாங்குன பாக்கெட் டூப்ளிகேட், ஒரு நல்ல பாரை ஏறுன ஒடனே நிமிந்துருச்சு. வந்த ஒடனே ஒரு முள்ள இடுக்கில பிடிச்சு வளைச்சுப் பாருங்க, சும்மா வளைஞ்சுச்சுன்னா மொத்தத்தையும் திருப்பி அனுப்பிருங்க.

பெல்லி வெயிட் முள்ளு, அதாவது முள்ளுத் தண்டுலயே ஒரு சின்ன ஈயம் ஒட்டியிருக்கும், காத்து நேரத்துக்கு இதுதான் என் சாய்ஸ். ரெண்டுல இருந்து மூணரை கிராம் போதும். அதுக்கு மேல போனா இடுப்பளவு தண்ணில லூர் நேரா புல்லுக்குள்ள போய்ச் சொருகிக்கும். ஈயம் வயித்துக்குக் கீழ இருக்குறதால லூர் கவுறாம நிமிந்து எறங்கும், முள்ளு முனை எப்பவும் வானத்தப் பாத்தே இருக்கும்.

டெக்சாஸ் ரிக்ல ஈயம் மூக்குக்கு முன்னால கூம்பு வடிவத்துல இருக்கும், இலைகள விலக்கிட்டு உள்ள எறங்குறதுக்குன்னே அந்த வடிவம். வெயிலு உச்சிக்கு ஏறுனப்புறம் மீனு எல்லாம் புல்லுக்குள்ள நெழலுக்குப் போயிரும், அப்ப மேல ஓட்டுற லூருக்கு ஒண்ணும் வராது, பாஸ் ஆளுகளும் இதத்தான் சொல்றாக, நடுப்பகல்ல தெளிஞ்ச ஏரில புல்லுக்குள்ள ஓட்டை பாத்து நேரா எறக்குன்னு. நாங்க மணல் திட்டு பாத்து எறக்குறோம். அங்க விளமீனும் களவாவும் நிக்கும். களவா கடிச்சா யோசிக்காம ஒரே இழுப்பா இழுத்து மேல தூக்கிரணும், தலைய உள்ள விட்டுச்சுன்னா முடிஞ்சது கதை.

இந்த மணல் திட்டு விசயத்த எனக்குச் சொல்லிக் குடுத்தது மண்டபத்துல ஒரு வயசான மீனவர், நம்ம லூர வாங்கி உள்ளங்கைல வச்சு அமுக்கிப் பாத்துட்டு, "தம்பி, ரப்பரு நல்லாத்தான் இருக்கு, ஆனா புல்லுக்கு நடுவுல போடாதப்பா, புல்லு முடியிற வாயில போடு, நீரோட்டம் எங்கிட்டு இருந்து வருதோ அங்கிட்டுத்தான் அது மூஞ்சிய வச்சுட்டு நிக்கும்"னாரு. பாஸ் பிடிக்கிறவுக புல்லு ஓரம், புல்லு ஓரம்னு சொல்றதும் இதேதான், அவுக ஏரில நீரோட்டம் கெடையாது, நமக்கு இருக்கு, அதனால நமக்கு இன்னும் லேசு. வடகடல்ல ஏத்த வத்தம் ஒரு மீட்டர் கூடத் தேறாது, ஆனா இடுப்பளவு தண்ணில அந்தக் கொஞ்சமே பெரிய மாத்தம். ஏத்தம் ஆரம்பிக்கிற நேரம் கரைப் பக்கத்துப் புல்லு மேல சின்ன மீனு ஏறும், வத்தம் எறங்குறப்ப அதெல்லாம் திரும்புற வழி மணல் வாய்க்கா வழியாத்தான், அந்த வாய்க்காக்கு ரெண்டு பக்கமும் போடுங்க. திட்டுக்கு நேரா வீசாதீக, தாண்டி வீசி புல்லு மேல ஓட்டிக் கொண்டாந்து திட்டு வாசல்ல நிறுத்தி விழ விடுங்க.

தெளிஞ்ச தண்ணின்னாலே தூரமா வீசணும், வேற வழியே இல்ல. நாம மீனப் பாத்துட்டோம்னா அது நம்மள எப்பவோ பாத்துருச்சுன்னு அர்த்தம். நம்ம நெழலு போடப் போற எடத்துல விழாத மாதிரி நில்லுங்க, தண்ணிக்குள்ள தொபுக்கு தொபுக்குன்னு நடக்காதீக. போலரைஸ்டு கண்ணாடி ஒண்ணு வாங்கிருங்க, லூருக்குப் போடுற காசுல பாதி அதுக்குப் போட்டாக்கூட தகும், புல்லு எங்க முடியுது திட்டு எங்க இருக்குன்னு அப்பத்தான் தெரியும். தண்ணி அசையாம கெடக்குற நேரத்த விட லேசா காத்து அடிச்சு மேல சிலுசிலுன்னு அலை ஓடுற நேரம் நல்லது, வெளிச்சம் ஒடஞ்சு போறதால மீனு தைரியமா வெளிய வரும், நாம நிக்கிறதும் அதுக்கு சரியாத் தெரியாது. வேகமும் முக்கியம், கலங்கல்ல மெதுவா ஓட்டணும், தெளிஞ்ச தண்ணில ஊளிக்கும் பாரைக்கும் வேகமா ஓட்டணும், நின்னு மொறச்சுப் பாக்க நேரம் குடுக்கக் கூடாது. விளமீனுக்கு மட்டும் இது பொருந்தாது, அதுக்குத் தரையோட மெதுவா.

நடந்து போறவுக காலத் தூக்கி வைக்காதீக, தரையோட தேய்ச்சு தேய்ச்சு நடங்க, மணல்ல திருக்கை புதைஞ்சு கெடக்கும், தேய்ச்சு நடந்தா அதுவா விலகிப் போயிரும். அப்புறம் ஓரா கூட்டம் கூட்டமா மேயிறதப் பாத்து ஆசப்பட்டு லூர் போட்டு நேரத்தப் போக்காதீக, அது பாசியும் புல்லும் திங்கிறது, லூரத் திரும்பியும் பாக்காது. யாராவது வலைல பிடிச்சு வச்சிருந்தாலும் வெறுங்கையால தொடாதீக, அதோட முள்ளு குத்துனா விசம்.

வீட்லெஸ் ஸ்பூன். ஜான்சன் சில்வர் மின்னோன்னு ஒண்ணு, 1920கள்ல வந்த டிசைன், இன்னைக்கும் அப்படியே விக்கிறாக. கரண்டி வடிவத் தகடு, அதுலயே அசையாம பொருத்துன ஒத்த முள்ளு, முள்ளுக்கு முன்னால வளைச்சு விட்ட கம்பி, புல்லு வந்தா கம்பி மேல ஏறி வழுக்கிப் போயிரும். பாஸுக்குன்னு ஆரம்பிச்சது, இப்ப அமெரிக்காவுல மெக்சிகோ வளைகுடா ஓரத்துக் கடல்புல்லுலயும் இதத்தான் போடுறாக, அது கிட்டத்தட்ட நம்ம வடகடல் மாதிரியே இருக்குற தண்ணி, அதனாலதான் எனக்கு இது மேல நம்பிக்கை வந்துச்சு. கச்சான் காத்துல இத விட தூரம் போற லூர் வேற இல்ல, பேத்தை கடிச்சாலும் அதுக்குத்தான் பல்லு வலிக்கும். ஊளிக்கு முதல் தரம். வெயிலு இருக்கப்ப வெள்ளி, மேகமூட்டமா இருந்தா தங்கக் கலர். கொறை ரெண்டு, ஓட்டிக்கிட்டே இருக்கணும், நிறுத்துனா தரைக்குப் போயிரும், அப்புறம் நரம்ப முறுக்கும், சின்ன ஸ்விவல் (சுழல்ற வளையம்) போட்டாகணும். கம்பி மீனு அடிச்சு அடிச்சு வளையும், ஒவ்வொரு மீனுக்கும் அப்புறம் நிமித்தி விட்டுக்கங்க.

மேல் தண்ணி லூர்ல ஹெட்டன் ஜாரா ஸ்பூக், 1939ல இருந்து இருக்குறது. அசையாத தண்ணில, சூரியன் ஏறுறதுக்கு முன்னால, முழங்கால் அளவு புல்லு மேல இத இடமும் வலமும் தலைய ஆட்ட வச்சு ஓட்டுறதும், பின்னாலயே தண்ணி பிளந்துக்கிட்டு பாரை வர்றதப் பாக்குறதும் தனி சந்தோசம், அத எழுதி வெளங்க வைக்க முடியாது. ஆனா கம்பெனில இருந்து வர்ற மூணு முள்ளுக் கொத்தக் கழட்டிட்டு ஒத்த முள்ளு மாத்திக்கங்க, முனை மேலப் பாத்து இருக்கணும். புல்லு மாட்டுறது பாதிக்குப் பாதி கொறையும், மீன விடுறதும் லேசு.

மூணு முள்ளுக் கொத்தோட வர்ற மின்னோ (சின்ன மீனு வடிவ) லூரெல்லாம் புல்லுத்தரைக்கு நான் சிபாரிசு பண்ணவே மாட்டேன். உள்ளூர்ல ஒரு கடைல மலிவா கெடைக்குதுன்னு நிறைய பேரு வாங்குறாக, பெயிண்டு ரெண்டாவது வாரமே உரியுது, வளையம் துருப்பிடிச்சுப் போகுது, அது கூடப் பரவாயில்ல, ஒவ்வொரு இழுப்புக்கும் வேரோட புல்லு வருது. அந்தப் புல்லுலதான் விளமீன் குஞ்சும் களவா குஞ்சும் எறாவும் கணவாயும் வளருது, ஆவுளியா (கடல்பசு) மேயிறதும் அதத்தான். பாக் விரிகுடால ஆவுளியாவுக்குன்னே 2022ல தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடல்ல 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவிச்சிருக்காக, நம்ம கரையிலயும் அது வந்து போகுது, கோடு போட்டுக்கிட்டு மேயாது. வேரோட புடுங்குன புல்லு மறுபடி பிடிக்க எவ்வளவோ காலம் ஆகும். நமக்கு ஒரு மீனு வேணும்னு அதுக்கு கெடக்குற மேச்சலப் புடுங்க எனக்கு மனசு வரல. பிஞ்சு போன ரப்பர் வால், அறுந்த நரம்பு எல்லாத்தையும் பைல போட்டு கரைக்குக் கொண்டாந்துருங்க, ஆமை அதத் தின்னுரும். தென்கடல்ல தீவுக பக்கம் கயாக் எடுத்துட்டுப் போற யோசனையும் வேணாம், அந்த 21 தீவும் 1986ல இருந்து கடல்சார் தேசியப் பூங்கா, வனத்துறை கட்டுப்பாடு.

நரம்புக்கு வருவோம். ரீல்ல பிரெய்டு (பின்னல் நரம்பு), அது புல்ல அறுத்துக்கிட்டு வரும். முன்னால லூர் கட்டுற பக்கம் ஒரு ஆள் நீளத்துக்கு ஃபுளூரோகார்பன் நரம்பு, அதுதான் லீடர். தண்ணியோட ஒளிவிலகல் எண் 1.33, ஃபுளூரோகார்பன் 1.42, சாதாரண நைலான் 1.5க்கு மேல, அதனால தண்ணிக்குள்ள இதுதான் கம்மியாத் தெரியும். பாரை, விளமீனுக்கு 20 பவுண்டு தாங்குறது. ஊளி இருக்குற எடத்துல 40 பவுண்டு, கம்பி போட்டா பல்லுக்குத் தாங்கும் ஆனா தெளிஞ்ச தண்ணில கடியே கொறையுது, நான் 40 பவுண்டுல போட்டு ஒவ்வொரு மீனுக்கும் அப்புறம் விரலால தடவிப் பாத்து சொரசொரப்பா இருந்தா அறுத்துட்டு மறுபடி கட்டுறேன். கொடுவாய்க்கும் அதே கனம்தான், அதோட செவுள் மூடி பிளேடு, நரம்பு அதுல உரசுனாப் போச்சு. பிரெய்டையும் லீடரையும் சேக்குற முடிச்சு எஃப்ஜி முடிச்சா இருக்கட்டும், கத்துக்க நேரம் ஆகும், ஆனா மெலிசா இருக்கும். தடிச்ச முடிச்சு போட்டா லூர்ல மாட்டாத புல்லு முடிச்சுல வந்து மாட்டும், அப்புறம் வீட்லெஸ் லூர் வாங்குன காசுக்கே அர்த்தமில்லாமப் போயிரும்.

அடுத்து தவள லூர், இது முழுக்க முழுக்க கண்மாய் சாமான். உள்ள காத்து மட்டும் இருக்குற ரப்பர் தவள, ரெட்டை முள்ளு முதுகோட ஒட்டி மேலப் பாத்து இருக்கும், விரால் கடிச்சா உடம்பு அமுங்கி முள்ளு வெளிய வரும். பூயா கம்பெனியோட பேட் கிராஷர் நல்லா இருக்கு, உடம்பு மெத்துனு அமுங்குது. வாங்குறப்ப பெருவிரலால அமுக்கிப் பாருங்க, விறைப்பா இருந்தா வேணாம். மலிவுத் தவளைல தண்ணி உள்ள ஏறி கவுந்துரும், வீசுறதுக்கு முன்னால ஒவ்வொரு தடவையும் பிழியணும். ரெண்டு வேலை நாமளே செய்யலாம், பின்னால தொங்குற குஞ்சம் ரெண்டுல ஒண்ண மட்டும் கொஞ்சம் கத்தரிச்சு விட்டா தவள இடம் வலமா ஆடி வரும், முள்ளு முனைய இடுக்கியால மயிரிழை வெளிய வளைச்சு விட்டா தப்புறது கொறையும். ஆம்பல் இலை மேல இழுத்துட்டு வந்து இலை முடியிற எடத்துல நிறுத்துங்க, தண்ணில சரிஞ்சு எறங்க விடுங்க. அடிச்ச சத்தம் கேட்ட ஒடனே இழுக்காதீக, நரம்புல கனம் தெரியட்டும், அப்புறம் பலமா ஒரே இழுப்பு. இதுக்கு 50 பவுண்டு பிரெய்டு நேரா கட்டணும், லீடர் வேணாம், ஆம்பல் தண்டும் வேலம்பாசியும் சேந்து இழுக்குறப்ப மெலிசு தாங்காது.

விரால் மேல வந்து காத்து குடிக்கிற மீனு, அதனால கொஞ்ச நேரம் சும்மா ஒக்காந்து பாத்தீகன்னாலே எங்க இருக்குன்னு தெரிஞ்சுரும். செவப்பா குஞ்சுக் கூட்டம் மேல மொய்ச்சுக்கிட்டு இருந்தா அங்க மட்டும் போடாதீக, கீழ தாயும் தகப்பனும் காவல் நிக்கும், எதப் போட்டாலும் கோவத்துல அடிக்கும், பிடிக்கிறது ரொம்ப லேசு, ஆனா அதுகளத் தூக்கிட்டா அத்தன குஞ்சும் மத்த மீனுக்கு இரை. கண்மாய் ஏலம் எடுத்தவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எறங்குங்க. சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இதெல்லாம் பறவைகள் சரணாலயம், அங்கிட்டு ராடே எடுத்துட்டுப் போகாதீக.

இந்தத் தவளையக் கடல்ல போடலாமான்னு கேட்டா வேணாம்னுதான் சொல்லுவேன், ஊளி ஒரே கடில ரெண்டாக்கிரும். தகடும் ரப்பர் குஞ்சமும் வச்ச ஸ்பின்னர்பெய்ட், சாட்டர்பெய்ட் ரெண்டும் வாங்கிப் பாத்தேன், மழைக்கு அப்புறம் கலங்குன கண்மாய்க்கு சரி, தெளிஞ்ச தண்ணில அவ்வளவு அதிர்வும் பளபளப்பும் தேவையே இல்ல, கடல்ல அந்த ரப்பர் குஞ்சத்தப் பேத்தை மொட்டையாக்கிருது.

உப்புத் தண்ணில போட்டது எல்லாத்தையும் வீட்டுக்கு வந்த ஒடனே நல்ல தண்ணில அலசி, நெழல்ல காய வச்சு எடுத்து வைங்க. எலாஸ்டெக் பிளாஸ்டிக்க மட்டும் அதோட சொந்தக் கவர்லயே வைங்க, வேற ரப்பரோட ஒரே டப்பால போட்டா ரெண்டும் உருகி ஒட்டிக்கும்.

புதுசா ஆரம்பிக்கிறவுக மொத்தமா அள்ளாதீக. எலாஸ்டெக்ல நாலு இஞ்சு ஒரு பாக்கெட், பச்சை முதுகு வெள்ளை வயிறு, அதுக்கு 3/0 பெல்லி வெயிட் முள்ளு ஒரு பாக்கெட், 20 பவுண்டு லீடர் ஒரு சுருள். பங்குனிக்கு இவ்வளவு போதும், ஒரு ஸ்பூன கச்சான் தொடங்குறப்ப சேத்துக்கலாம். தவள லூர இப்பவே வாங்கி வெயில்ல காய விடாதீக, கண்மாய் நெறைஞ்சு, விரால் குஞ்சு பிரிஞ்சு போய், தை மாசம் ஆம்பல் விரிச்சு நிக்கிறப்ப வாங்குனாப் போதும்.